கொடுவா வாயைத் திறக்கும் அந்த நொடி

தூண்டில் போடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராத்திரியில கொடுவா இரை எடுக்கும்போது தண்ணியில 'டொப்'புனு ஒரு சத்தம் கேக்குதே, அது வாலால அடிக்கிறதா?"

வால் இல்லை, வாய். கொடுவாத் தூண்டிலின் சூட்சுமம் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியர்கள் பாராமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் வாழும். பாலத்தூண், பாறை, அலையாத்தி வேர் என ஏதாவது ஒரு மறைவில் நின்றுகொண்டு, நீரோட்டம் அடித்துவரும் மடவைக் குஞ்சுக்கும் இறாலுக்கும் காத்திருக்கும். இரையின் அசைவை, உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடான பக்கக்கோடு உணர்ந்துவிடும். கொடுவாவுக்கு அந்தக் கோடு வால்துடுப்பின் விளிம்பு வரைக்கும் ஓடுகிறது.

சந்தையில் கொடுவா வாங்கினால் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சீலாவுக்கு இருப்பதுபோல வெட்டும் பல் இருக்காது. உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். பிறகு எப்படி இரை பிடிக்கிறது?

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்தால் காற்று தானாக உள்ளே பாய்கிறது. கொடுவாவின் தலையே ஒரு துருத்தி. மேல்தாடை முன்னால் நீள்கிறது, வாயின் அடித்தளம் கீழே இறங்குகிறது, செவுள்மூடிகள் பக்கவாட்டில் விரிகின்றன. கண் இமைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிகிறது. வாய்க்குள் அழுத்தம் சரிய, எதிரே உள்ள தண்ணீர் உள்ளே பாய்கிறது. இறாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு வாய் மூடும், தண்ணீர் செவுள் வழியாகப் பின்னால் வெளியேறும், இரை மட்டும் தங்கும். நீர்மட்டத்தை ஒட்டி இது நடந்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். அதுதான் அந்த 'டொப்'. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இந்த உறிஞ்சலுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு, ஏறக்குறைய வாயின் அகலம்தான். அதைத் தாண்டினால் இழுவிசை சட்டென்று விழுந்துவிடும். அதனால்தான் லூரை (செயற்கை இரையை) நிறுத்தாமல் சுற்றி இழுப்பவரைவிட, இரண்டு இழுப்பு இழுத்து ஒரு கணம் விட்டுவைப்பவருக்கு மீன் மாட்டுகிறது. அந்த நிறுத்தத்தில்தான் கொடுவா நெருங்கி வருகிறது. தூண்டில் நரம்பு விறைப்பாக இருந்தால் லூர் தண்ணீரோடு உள்ளே போக முடியாது, சத்தம் மட்டும்தான் மிச்சம். உயிர் இறால் கோக்கிறவர்கள் அது துள்ளி நீந்துகிற மாதிரி கோப்பதும் இதற்காகவே. சத்தம் கேட்டதும் வெட்டி இழுக்காதீர்கள். மீன் திரும்பி நரம்பில் பாரம் ஏறட்டும்.

செவுள்மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். மீன் துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய நரம்பு அறுந்துபோகும். முனையில் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டு கட்டாயம் வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமியை ராசி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் பெரிது. முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகமாக ஓடி இரையை வெளியே அள்ளி வருகிறது. ராசியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, தண்ணீர் எந்த நேரம் வற்றத் தொடங்குகிறது என்று பார்ப்பது மேல்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் சிறைவைத்து இனப்பெருக்கம் செய்துகாட்டியது. இன்று நம் நாட்டுப் பண்ணைகளில் வளரும் கொடுவாக் குஞ்சுகளுக்கு அதுவே ஆரம்பம். இப்படிப் பொறுமையாகச் செய்யும் ஆராய்ச்சிக்கு நாம் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரிய மீன்களெல்லாம் அநேகமாக முட்டையிடும் பெண்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குச் சிறியதையும் 120-க்குப் பெரியதையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நம் கரையில் அப்படி ஒரு வழக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை.

முட்டுக்காட்டில் ஒருமுறை கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. முள்ளைக் கழற்றி, வயிற்றைத் தாங்கி, நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடித்திருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் கங்குபோலச் சிவந்து மின்னியது. செவுள் நாலைந்து தடவை திறந்து மூடியது. பிறகு வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.