திறப்பின் வாசல்: கதவா, உடைப்பா?

‘திறப்பின் வாசல் ஜெபம்’ என்று சபைச் சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தேசத்துக்காகவும் பிறருக்காகவும் கூடி ஜெபிப்பதற்கு வைக்கும் பெயர் அது. சிறுவயதில் இதை ஏதோ ஆசீர்வாதத்தின் கதவு என்றே நினைத்திருந்தேன், விடாமல் தட்டினால் திறக்கும் என்று. ‘ஆண்டவரே, திறப்பின் வாசலைத் திறந்தருளும்’ என்று பெரியவர்களே வேண்டுவதையும் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். அங்கே திறப்பு என்றால் சாவி.

ஆனால் வேதாகமத்தின் திறப்பு, திறக்க வேண்டியதே இல்லை. அடைக்க வேண்டியது.

எசேக்கியேல் 22:30-ல் கடவுள் ‘திறப்பிலே நிற்கவும் சுவரை அடைக்கவும்’ ஒரு மனுஷனைத் தேடுகிறார், ஒருவனும் கிடைக்கவில்லை. எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் ‘பேரெட்ஸ்’. முற்றுகையிட்ட படை மதிலை இடித்து உண்டாக்கும் ஓட்டை அது. மற்ற இடமெல்லாம் மதில் உறுதியாக நின்றாலும் எதிரி அந்த ஒரு வழியாக நுழைந்துவிடுவான். திரும்பக் கல் அடுக்கி முடிக்கும்வரை அங்கே சுவர் என்பது ஆளின் உடம்புதான். யூதாவின் மகன் பாரேஸின் பெயரும் இதே வேர்தான். இரட்டையரில் அண்ணனாக வரவேண்டியவனை முந்திக்கொண்டு வந்தவன். அவன் பிறக்கும் இடத்தில் இந்தச் சொல்லைத் தமிழ் வேதாகமத்தில் ‘மீறுதல்’ என்று போட்டிருக்கிறார்கள். ஏசாயா 58:12-ல் அதே சொல் மறுபடி திறப்பாகிறது: ‘திறப்பானதை அடைக்கிறவன்’.

சரி, வாசல் எப்படி வந்தது? சங்கீதம் 106:23-ல் மோசே ‘திறப்பின் வாயிலே நின்றான்’ என்று வருகிறது. வாய் + இல் + ஏ, அதாவது ஓட்டையின் வாயில் நின்றான். அதையே வாயில் + ஏ என்று பிரித்தால் வாசலாகிவிடும். அப்படிப் பிரித்துத்தான் வாசல் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தச் சங்கீதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. உடைந்த மதில் வழியாக அங்கே வருவது எதிரி அல்ல, கடவுளின் கோபம். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய ஜனங்களுக்கும் அந்தக் கோபத்துக்கும் நடுவில் மோசே போய் நிற்கிறார். மன்னியும், இல்லாவிட்டால் உமது புஸ்தகத்திலிருந்து ‘என் பேரைக் கிறுக்கிப்போடும்’ என்கிறார் (யாத்திராகமம் 32:32). பிறருக்காக ஜெபிப்பது இவ்வளவு தூரம் போகக்கூடியது.

இதற்கு நல்ல தமிழ் என்ன? என்னைக் கேட்டால், உடைப்பு. கண்மாய்க் கரை உடைந்த ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வைகைக் கரையின் உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து நிற்கிறார். கிறிஸ்தவச் சொல்லுக்குச் சைவக் கதையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இன்னொருவருக்குப் பதிலாக உடைப்பில் நிற்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அப்புறம், உடைப்பை ஒற்றை ஆளாக யாரும் அடைப்பதில்லை. அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கை தளர்ந்தபோதும் ஆரோனும் ஊரும் இரு பக்கமும் நின்று தாங்கினார்கள். (ஊர் என்பது இங்கே ஓர் ஆளின் பெயர்.)

நின்ற இடத்தில் சொல்லும் சொல்லுக்கு ‘மன்றாட்டு’ அழகாகப் பொருந்துகிறது. மன்று என்பது ஊர் கூடி வழக்குக் கேட்கும் இடம். அங்கே நின்று வாதாடுவது மன்றாடுதல். கத்தோலிக்கர்கள் வழங்கும் ‘பரிந்துரை’யும் பரிவிலிருந்து பிறந்த நல்ல சொல்தான், ஆனால் இப்போது வேலைக்கான சிபாரிசுக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. ‘வேண்டுதல்’ தனக்காகவும் இருக்கலாம்.

‘உடைப்பு ஜெபம்’ என்று சுவரொட்டி அடித்தால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்து ஒருவரும் வரமாட்டார்கள், தெரியும். பழைய சொல்லே இருக்கட்டும். வாசலை மட்டும் எடுத்துவிட்டு ‘திறப்பில் நிற்போம்’ என்று போடலாம்.