ஜெனிவாவில் மூன்றரை மணி நேரம், கூடலூரில் ஐந்து ஆண்டு வேலை

பழங்குடி மக்களின் நில வழக்குகளை நடத்தும் வக்கீல்களிடம் ஐ.நா. என்று பேச்செடுத்தால் நீலகிரி மாவட்டக் கூடலூரில் பாதிப்பேர் சிரித்துவிடுவார்கள். செக்சன் 17 நிலத்தில் (ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் உரிமை இன்னும் தீராமல் கிடக்கும் நிலம்) இருக்கும் ஒரு வீட்டுக்குக் கரன்ட் வாங்கவே வருடக்கணக்கில் அலைகிறோம், இதில் ஜெனிவா எதற்கு என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனாலும் ஜெனிவாவில் நடக்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு என்ற அந்த மேடையை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இது 2006-ல் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலோடு சேர்ந்தே பிறந்த ஏற்பாடு. சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டையும் மற்ற நாடுகள் கேள்வி கேட்கும், பரிந்துரை சொல்லும். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 என நான்கு தடவை வந்துபோனது. கடைசித் தடவை 130 நாடுகள் பேசின. மொத்தம் மூன்றரை மணி நேரம். அதில் 70 நிமிடம் பதில் சொல்லும் அரசுக்கு. கணக்குப் போட்டால் கேட்கும் நாட்டுக்கு ஒரு நிமிடம்தான் மிஞ்சும்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நட்பு நாடுகள் ‘பழங்குடியினர் நலனுக்கான முயற்சிகளைத் தொடருங்கள்’ என்ற மாதிரி சொல்லும். எந்த அரசும் சந்தோஷமாக ஏற்கும். ‘காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தில் தள்ளுபடியான மனுக்களைக் காரணத்தோடு மாவட்டவாரியாக வெளியிடுங்கள்’ என்று ஒரு நாடு கேட்டால் நழுவ முடியாது. 2022-ல் வந்த 339 பரிந்துரைகளில் இந்தியா 221-ஐ ஏற்றது. அந்த எண்ணிக்கையை வைத்து நான் எதையும் அளக்க மாட்டேன். ஏற்றதில் எத்தனை ‘தொடருங்கள்’ என்ற முதல் வகை என்று பார்க்க வேண்டும்.

நெருக்கிக் கேட்டாலும் நகராதவை உண்டு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் உறுதி செய்யவில்லை. ஒவ்வொரு மீளாய்விலும் பல நாடுகள் இதைக் கேட்கின்றன. 2010-ல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் ஒரு வரைவையே எழுதிக் கொடுத்தது. அதுவும் சட்டமாகவில்லை. தேன் எடுக்கப் போனவரை ‘விசாரணைக்கு’ என்று ஜீப்பில் ஏற்றும்போது இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று அவர் குடும்பத்துக்குத் தெரியும்.

நம் பங்கு எங்கே? மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே அமைப்புகள் அறிக்கை அனுப்பலாம். தனியாக என்றால் 2,815 சொற்கள், கூட்டாக என்றால் 5,630. வந்த எல்லாவற்றையும் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் பத்துப் பக்கமளவில் சுருக்கிவிடும். ஆகவே பொதுவான புலம்பல் அங்கே நிற்காது. தமிழ்நாட்டின் அழியும் நிலையிலுள்ள ஆறு பழங்குடிகளும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், நீலகிரியில் இருக்கிறார்கள். இங்கிருந்து போகும் தாளுக்குக் கனம் உண்டு, ஆதாரம் இருந்தால். 2008-ல் வந்த நீதிமன்றத் தடையால் இங்கே வன உரிமைப் பட்டா 2016 வரை கொடுக்க முடியாமல் போனது என்பதை உத்தரவு நகலோடு சொல்லுங்கள். கிராம சபைத் தீர்மானம், தள்ளுபடிக் கடிதம், ஆர்.டி.ஐ. பதில், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவின் ரசீது, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. இது தனிநபர் புகாரைத் தீர்க்கும் இடமில்லை; உங்கள் கட்சிக்காரரின் வழக்கு இங்கே பிரச்சினையின் போக்கைக் காட்டும் சான்று மட்டும். அப்புறம், அனுப்பும் அறிக்கை இணையத்தில் வெளியாகும். பெயர், ஊர், வழக்கு எண் எதைப் போட்டாலும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவருக்கு அந்த ஒரு வரியால் வேலையே போகலாம்.

அறிக்கை அனுப்பியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். டெல்லியிலுள்ள தூதரகங்களுக்கு இரண்டு வரிக் கோரிக்கையாக அதைக் கொண்டுபோவது அடுத்த வேலை. அந்த ஒரு நிமிடத்தில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் அதுவாக இருக்கும். மீளாய்வு முடிந்ததும் அரசு ஏற்ற பரிந்துரைகளில் மலைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துத் தமிழில் எழுதி, எம்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறைக்கும் அனுப்பலாம். நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் டெல்லி ஒப்புக்கொண்டதை ஊட்டியில் ஏன் செய்யவில்லை என்று கேட்க ஒரு தாள் கையில் இருக்கும்.