கிளிப்பைச் சீரான இடைவெளியில் அடிக்காதீர்கள்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டில் எல்லா அறைகளிலும் கார்பெட். ஹாலுக்கு வந்திருக்கும் டிஷ் கேபிளைப் படுக்கையறைக்கும் கொண்டுபோக வேண்டும். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கார்பெட்டுக்கு அடியில் கேபிளை மறைத்தால் படம் கெடுமா? உள்ளே கம்பி அறுந்துபோகாத வரை ஒன்றும் ஆகாது என்கிறார் கொழுந்தனார். என் அத்தையோ, கட்டிலுக்கு அடியில் கேபிள் போனால் கதிர்வீச்சு வரும் என்று பயப்படுகிறார்."

தாராளமாகக் கொண்டுபோகலாம். அத்தை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொழுந்தனார் சொல்வது பாதிதான் சரி. கம்பி அறாமலேயே படம் போகும். அது எப்படி என்பதுதான் இந்த விஷயத்தில் மிக அழகான பகுதி.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நடு அறையில் குறுக்கே போகாதீர்கள். சுவரை ஒட்டியே சுற்றி வாருங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால், பல வீடுகளில் சின்னச் சின்ன ஆணிமுனைகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய மரச்சட்டம் தெரியும். கார்பெட்டை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தால் கேபிளின் இடம் அதுவே. சட்டத்தின் மேல் மட்டும் கேபிளை வைக்காதீர்கள். ஆணிமுனை தோலைக் குத்திவிடும். கார்பெட் தரையோடு ஒட்டப்பட்டிருந்தால் அதைப் பிய்க்காமல், சுவரின் அடியோரப் பட்டை மேலேயே கேபிளைக் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம்.

இனி கேபிளுக்குள் போவோம். டிஷ் இணைப்புக்குப் பயன்படும் ஆர்.ஜி.6 கேபிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் 1 மில்லிமீட்டர் தடிமனில் செம்பு நிறக் கம்பி. அதைச் சுற்றி நாலரை மில்லிமீட்டர் விட்டத்துக்கு வெள்ளை நுரை. நுரையின் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் கம்பி வலை, எல்லாவற்றுக்கும் மேல் பி.வி.சி. தோல். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட் 1880-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பல கேபிள்களில் அது செம்பு பூசிய எஃகுக் கம்பிதான். 1000 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்குகிறது. அதற்குக் கீழே எஃகு இருந்தால் என்ன, வேறெது இருந்தால் என்ன!

சரி, படம் எங்கே ஓடுகிறது? கம்பிக்குள் அல்ல. கம்பிக்கும் வலைக்கும் நடுவிலுள்ள அந்த வெள்ளை நுரையில், மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த அலையாக, ஒளியின் வேகத்தில் 83 சதவீத வேகத்தில் ஓடுகிறது. கம்பியும் வலையும் அந்த அலைக்குக் கரைகள். அதனால் கரை எவ்வளவு தடிமன் என்பதைவிட இரண்டு கரைகளும் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதே அலைக்கு முக்கியம்.

அந்த வடிவத்தை ஒரே எண்ணில் அடக்கிவிடலாம். நுரையின் விட்டத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ நாலரை. அதன் பத்தடிமான மடக்கை 0.65. அதை 138-ஆல் பெருக்கினால் 90. மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி நுரைக்கு 1.44, அதன் வர்க்கமூலம் 1.2. 90-ஐ 1.2-ஆல் வகுத்தால் 75. கேபிள் தோலில் 75 ஓம் என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். இதன் பெயர் இம்பீடன்ஸ். அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். மல்டிமீட்டரை வைத்து இதை அளக்க முடியாது, ஏனென்றால் இது கம்பியின் மின்தடை அல்ல. நுரைக்குப் பதிலாகக் குமிழ்களே இல்லாத கெட்டியான பாலிஎத்திலீனை வைத்தால் மின்காப்பு மாறிலி 2.25 ஆகிவிடும், வர்க்கமூலம் 1.5, கேபிள் 60 ஓம் ஆகிவிடும். உங்கள் கேபிளை 75 ஓமில் வைத்திருப்பதில் அந்த நுரைக்குள் அடைபட்ட காற்றுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இப்போது கேபிளை மிதிப்போம். நிலைப்படியில் கார்பெட்டுக்கு அடியில் கேபிள் நசுங்குகிறது. கம்பி அறவில்லை, வலையும் கிழியவில்லை. ஆனால் வலை கம்பிக்கு நெருங்கிவிட்டது, குமிழ்கள் நசுங்கிவிட்டன. அந்த இடத்தில் 75 ஓம் 50 ஓமாக இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 25, கூட்டுத்தொகை 125. இந்த இரண்டின் விகிதமே திரும்பிப் போகும் அலையின் அளவு: மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆற்றலில் 4 சதவீதம். நசுங்கிய இடம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் பாதிப்பு இன்னும் குறையும். ஓரிடத்தில் விழுந்த நசுக்கலை டிவி பொறுத்துக்கொள்ளும்.

பல இடங்களில், அதுவும் ஒரே சீரான இடைவெளியில் நசுங்கினால்தான் வம்பு. கைத்திறனுள்ள தச்சரோ எலக்ட்ரீஷியனோ அடியோரப் பட்டையில் கிளிப் அடிக்கும்போது அளவுகோல் வைத்ததுபோல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று அடிப்பார். கண்ணுக்கு அழகு. ஒவ்வொரு கிளிப்பும் கேபிளைத் துளி அழுத்துகிறது, ஒவ்வொன்றும் துளி அலையைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது கிளிப்பிலிருந்து திரும்பும் அலை, முதல் கிளிப்பில் திரும்பியதைவிட 30 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கும். அலைநீளமும் சரியாக 30 சென்டிமீட்டராக இருந்துவிட்டால் இரண்டின் முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும். மூன்றாவது, நான்காவது, நாற்பதாவது கிளிப்பும் அப்படியே. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தொட்டுத் தொட்டே ஒரு குழந்தை உயரத்துக்கு ஆட்டிவிடுவதுபோல், துளிகள் சேர்ந்து பெரும் எதிரொலி ஆகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் சுவரில் 40 கிளிப்புகள். ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தில் 1 சதவீதத்தைத் திருப்புகிறது என்போம். இடைவெளி தாறுமாறாக இருந்தால் இவை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். மொத்தம் 40-இன் வர்க்கமூலம், அதாவது 6 சதவீதம் அளவில் நிற்கும். ஒரே சீராக இருந்தால் அந்தக் குறிப்பிட்ட அலைநீளத்துக்கு 40 சதவீதத்தை நெருங்கிவிடும். கிளிப்பைச் சற்று ஓங்கி அடித்து 1 சதவீதம் 3 சதவீதமானால், அந்த அதிர்வெண்ணில் ஆற்றலில் பாதிக்கு மேல் வந்த வழியே திரும்பிவிடும். அந்த அதிர்வெண் எது? கேபிளுக்குள் 30 சென்டிமீட்டர் அலைநீளம் என்றால் 830 மெகாஹெர்ட்ஸ். அதன் இருமடங்கான 1660-லும் இதே கதை. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவி கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. 1660 அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாதிக்கப்படும் பட்டையின் அகலம் சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். செயற்கைக்கோளில் ஒரு கொத்துச் சேனல்களைச் சுமந்து அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஒன்றின் அகலமும் அதே அளவு! ஆகவே ஒரு கொத்துச் சேனல்கள் மட்டும் மறைந்து, மற்றவை பளிச்சென்று வரும். வீட்டுக்காரர் டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பார், பாக்ஸை மாற்றிப் பார்ப்பார். குற்றவாளி சுவரோரத்தில் அழகாக வரிசை கட்டி நிற்கும்.

இதே இயற்பியலைத்தான் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் 1912-இல் படிகங்களில் கண்டார். அணுக்களின் அடுக்குகள் சீரான இடைவெளியில் இருப்பதால் எக்ஸ் கதிர்கள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்புகின்றன. தந்தையோடு சேர்ந்து அவர் நோபல் பரிசு வாங்கியது 1915-இல், 25 வயதில். அணுக்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளந்து கொடுத்த அதே விதி குன்னூர் படுக்கையறையில் சேனலை மறைக்கிறது. விடை எளிது. கிளிப்புகளை 11, 17, 14, 20 சென்டிமீட்டர் என்று மனம்போனபடி அடியுங்கள். கேபிள் உள்ளே சற்று நகரும்படி தளர்வாக அடியுங்கள். மூலைகளில் 7 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள்.

நீலகிரியில் ஈரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. 1.44-ல் இருக்க வேண்டிய நுரைக்குள் அது புகுந்தால் 75 ஓம் என்ற கணக்கே குலைந்துவிடும், இழப்பும் ஏறும். மூடுபனி மாதங்களில் கார்பெட் ஈரம் குடித்தே இருக்கும். தோல் முழுசாக இருந்தால் கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. வெட்டிய முனைகளும் ஆணி குத்திய இடங்களுமே வாசல்கள். டிஜிட்டல் படத்தில் இந்தச் சேதம் உடனே தெரியாது என்பதும் ஒரு சிக்கல். பிழை திருத்தும் குறியீடுகள் கடைசிவரை தாங்கிப் பிடித்துவிட்டு, ஒரு எல்லையைத் தாண்டியதும் மொத்தமாகக் கைவிடும். கோடையில் நன்றாக இருந்த படம், ஐப்பசி மழையில் வானத்துச் சிக்னல் கொஞ்சம் மங்கியதுமே கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

அத்தைக்கு வருவோம். நடுக்கம்பியிலும் வலையிலும் மின்னோட்டம் சம அளவில் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது. வெளியே அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உள்ளே ஓடும் சிக்னலோ மைக்ரோவாட் கணக்கில்தான். அத்தையின் மடியில் இருக்கும் கைபேசி இதைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தியில் ஒலிபரப்புகிறது. அதுவும் பாதுகாப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று பளபளக்கும் தாளை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்பவர்கள், பெரியவர்களின் பயத்தைக் காசாக்குகிறார்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

ஊட்டியை அடுத்த முத்தோரையில், 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகையும் மலைச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகை என்பதால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. 326.5 மெகாஹெர்ட்ஸில், 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில், 1056 இருமுனை ஆண்டெனாக்கள் வாங்கும் சிக்னல்கள் முகடு பிசகாமல் சேர வேண்டும். உங்கள் படுக்கையறையில் நாம் தவிர்க்கப் பார்க்கும் அதே கூட்டல் அங்கே வேண்டுமென்றே நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கேபிளும் கனெக்டரும் அவற்றைப் பராமரிக்கும் கைகளும் ஆண்டு முழுக்க வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.7 சதவீதத்துக்கும் குறைவாக ஆராய்ச்சிக்கு ஒதுக்கிவிட்டு, திறப்பு விழாக்களை மட்டும் கொண்டாடுவது சரியில்லை. பராமரிப்புக்குத் தரும் பணமும் அறிவியலுக்குத் தரும் பணம்தான்.

இனி வேலைக்கு. நிலைப்படியில் கேபிள் கதவின் கீல் பக்கமாகப் போகட்டும், அங்கேதான் கால் குறைவாகப் படும். குளிருக்கு ஹீட்டர் போடும் வீடுகளில் அதன் மின்கம்பியைக் கேபிளோடு சேர்த்துக் கார்பெட்டுக்கு அடியில் விடவே கூடாது. டிவி கேபிள் சூடாகாது, ஹீட்டர் கம்பி சூடாகும், தீப்பிடிக்கும். படுக்கையறையில் தனி செட்டாப் பாக்ஸ் வைப்பதானால், ஒரே கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரிக்காமல், இரட்டை வெளிவழி உள்ள எல்.என்.பி.யிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். ஒவ்வொரு பாக்ஸும் அதே கேபிள் வழியாக மேலே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த அலைமுனைவு, அதாவது எந்தத் திசையில் அதிரும் அலை, வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்கிறது, இரண்டு பாக்ஸுகள் ஒரே கேபிளில் இரண்டு விதமாகக் கேட்டால் ஒன்றில் பாதிச் சேனல்கள் வராது. கனெக்டர் போடும்போது வலையின் ஒற்றை இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பாருங்கள். தொட்டால் அந்த வோல்ட் மேலே போகாது.

கார்பெட்டை மறுபடி அழுத்தி மூடுவதற்கு முன் பாக்ஸின் மெனுவில் சிக்னல் தரத்தை எல்லா டிரான்ஸ்பாண்டர்களிலும் ஒருமுறை பாருங்கள். எல்லாமே குறைந்திருந்தால் கனெக்டரைத் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் குறைந்திருந்தால் கிளிப்புகளைப் பிடுங்கி, இடைவெளியை மாற்றி அடியுங்கள்.