புதர் வெட்டும் வண்டிக்கு மானியம்: நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

வீடு பொள்ளாச்சியில், தோப்பு கொழிஞ்சாம்பாறையில். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கம் இப்படித் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு புறமும் நிலபுலன் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. மழை நின்றால் போதும், தோப்புக்குள் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வந்துவிடும். பாலக்காட்டுப் பக்கம் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடியும் சேர்ந்துகொள்ளும். புதர் மண்டினால் காட்டுப்பன்றி வந்து படுக்கும், பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் சக்கரம் வைத்த, கையால் தள்ளிக்கொண்டு போகும் புதர் வெட்டி பற்றியும் அதற்கான மானியம் பற்றியும் இப்போது அதிகம் பேர் விசாரிக்கிறார்கள்.

மானியம் உண்டு. 2014-15இல் ஒன்றிய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில்தான் இது வருகிறது. கேரளத்தில் இதைச் சுருக்கமாக 'ஸ்மாம்' என்பார்கள். மானியச் செலவில் 60 சதவீதத்தை ஒன்றிய அரசும் 40 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன. நடத்துவது மாநில அரசு. எல்லைக்காரர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்பதை முடிவு செய்வது நிலத்தின் ஆவணம். குடும்ப அட்டையில் எந்த ஊர் இருக்கிறது என்பது இங்கே உதவாது. தோப்பு சித்தூர் தாலுகாவில் இருந்தால் பொள்ளாச்சி அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை. அங்கே பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பார்கள். உங்களிடம் இருப்பதோ வில்லேஜ் ஆபீஸில் கரம், அதாவது நில வரி, கட்டிய ரசீது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போங்கள், வழி சொல்வார்கள். விண்ணப்பம் ஒன்றிய அரசின் அக்ரிமெஷினரி இணையதளத்தில் கேரளத்தைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போகலாம். உழவன் செயலியிலும் விண்ணப்பிக்கலாம். இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர்கள், வண்டி எங்கே அதிகம் ஓடப்போகிறதோ அந்தப் பக்கத்தில் போடுவதே என் கணக்கில் சரி. அதிகாரி வந்து பார்க்கும்போது வண்டி அந்த நிலத்தில் இருக்க வேண்டுமே.

குத்தகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்த ஏற்பாட்டில் புதிதாகக் குத்தகை உண்டாக்கவே சட்டம் இடம் தரவில்லை. வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துத் தென்னை பார்க்கிறவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. நிலத்துக்காரரைக் கொண்டு அவர் பெயரில் விண்ணப்பிக்கச் செய்வது அல்லது வாடகைக்கு எடுப்பது, இரண்டில் ஒன்றுதான்.

எவ்வளவு கிடைக்கும்? பொதுப் பிரிவு விவசாயிகளுக்கு விலையில் 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதம். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் வரை குறு. அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளாக இருப்பவர்களுக்கு மாநில அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. அங்கே சிறு, குறு விவசாயி என்பதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். இதை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் ஓட வேண்டாம்.

சதவீதத்தைக் கேட்டு மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு ஒன்று உண்டு. சதவீதம், உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். ஒரு பேச்சுக்கு, வண்டி விலை 60,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதம், உச்சவரம்பு 25,000 என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 25,000 தான், 30,000 கிடைக்காது. விலை கூடக் கூட உங்கள் பங்குதான் கூடும்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம். கடையில் இருக்கிற எல்லா வண்டிக்கும் மானியம் கிடையாது. அரசு அங்கீகரித்த நிலையத்தில் சோதனை முடிந்து, அக்ரிமெஷினரி தளத்தில் பதிவான மாடலுக்குத்தான் உண்டு. தென்னிந்தியாவுக்கான ஒன்றிய அரசின் சோதனை நிலையம் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் இருக்கிறது. தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் களை எடுக்கும் பவர் வீடரும் நம் ஊரில் பழகிப்போனவை. நைலான் நரம்பு சுழலும் சக்கர வண்டியோ புதிது. நிறுவனம் அதை எந்த வகையில் பதிந்திருக்கிறதோ அந்த வகையில்தான் தேட வேண்டும். எதிலும் இல்லையென்றால் வண்டி எவ்வளவு நல்லதானாலும் முழு விலை உங்களுடையது. மாடல் பெயரை எழுத்து பிசகாமல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு மாடல் பட்டியலில் இருக்கும், அதன் தம்பி இருக்காது.

"மானியம் அப்புறம் போட்டுக்கலாங்ணா, இப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகுதான் கொள்முதல். அனுமதிக்கு முந்தைய தேதி போட்ட ரசீது செல்லாது.

இனி, இந்த வண்டி உங்கள் நிலத்துக்கு உதவுமா என்பதைப் பார்க்க வேண்டும். பாதி விலையில் கிடைத்தாலும் வேலைக்கு ஆகாத பொருள் நட்டம்தான்.

இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி, பெட்ரோல் எஞ்சின், முன்னால் தரையோடு சுழலும் தலை. தலையில் நாலு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த நைலான் நரம்பு. எஞ்சின் பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்வதால் தோள், இடுப்பு வலி குறைவு. பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. கல் கிடக்கும் மேட்டு நிலத்தில் இதன் அருமை தெரியும். இரும்புத் தகடு கல்லில் பட்டால் முனை மழுங்கும் அல்லது உடையும். நரம்பு பட்டால் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். வேலியோரம், கல் கட்டிய வரப்போரம் ஒட்டி வெட்டலாம்.

வெட்டுவது புல், கோரை, பார்த்தீனியம் போன்ற மென்தண்டுகளை மட்டும். விரல் தடிமன் தாண்டிய மரத்தண்டுக்கு இது ஆகாது. முற்றிய உண்ணிச்செடிக்குத் தகடு மாட்டிய தோள் கருவிதான் சரி. சீமைக்கருவேலம் என்றால் அதுவும் போதாது. பொக்லைன் வைத்து வேரோடு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வெட்டுங்கள். விதை பிடித்த பிறகு சுழற்றினால் தோப்பு முழுக்க நீங்களே விதைத்த மாதிரி.

தென்னந்தோப்பில் முக்கியமான எதிரி சொட்டுநீர்க் குழாய். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பக்கவாட்டுக் குழாயை நரம்பு ஒரு நொடியில் கிழித்துவிடும். முதலில் குழாயைச் சுருட்டி மரத்தடியில் போட்டுவிட்டு வண்டியை இறக்குங்கள். விழுந்த மட்டை, பழைய கம்பி, தேங்காய் நார்க் கயிறு எல்லாம் தலையில் சுற்றிக்கொள்ளும். அவற்றையும் பொறுக்க வேண்டும். இளங்கன்றுகளின் அடித்தண்டில் நரம்பு உரசினால் தண்டு கிழிந்து கன்று கெட்டுவிடும். கன்றைச் சுற்றிக் கையால்தான் வெட்ட வேண்டும். மாட்டுக்குப் போடும் புல்லை இதில் வெட்டாதீர்கள்: புல் கூழாகும், நரம்புத் துணுக்கும் தீவனத்தோடு போகும். வண்டி ஓடும்போது 15 மீட்டருக்குள் ஆள், மாடு யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும். கண்ணாடியும் பூட்சும் கட்டாயம்.

புதரோடு மரத்தையும் சேர்த்துத் துப்புரவாக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சொந்தப் பட்டா நிலமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதியில்லாமல் மரம் வெட்ட முடியாது.

இரண்டு ஏக்கருக்காக ஒரு வண்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வருடத்தில் சில நாள் ஓடி, மீதி நாள் கொட்டகையில் கார்புரேட்டர் அடைத்துக் கிடக்கும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ வாடகை மையம் அமைத்தால் அதற்குத் தனியாக மானியம் உண்டு. கேரளப் பக்கம் கிருஷி பவன்களோடு சேர்ந்து இயங்கும் கார்ஷிக கர்ம சேனை என்கிற விவசாய வேலைக் குழுவிடம் ஆளும் கருவியும் சேர்த்தே கிடைக்கும். கூலி பேசி வெட்டி முடித்துவிடலாம்.

வாங்குவதென்றே முடிவானால் ஏப்ரலில் நிதியாண்டு பிறந்ததும் விண்ணப்பியுங்கள். மாவட்டத்துக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்தால் காத்திருப்புப் பட்டியல்தான். வண்டி வந்ததும் ரசீதில் எஞ்சின் எண் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதிகாரி நிலத்துக்கு வந்து வண்டியோடு உங்களைப் படமெடுப்பார். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். எல்லையின் இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருப்பவர்கள் எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.