தெரிந்த பதில் ஏன் வாயில் வருவதில்லை?

பதற்றத்தை ஆராய நினைக்கும் விஞ்ஞானிகளுக்கு முதல் தலைவலி, ஆய்வகத்துக்கு வந்தவரைப் பதற வைப்பதுதான். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கையை வைக்கச் சொல்லலாம், கடினமான கணக்கு கொடுக்கலாம். ஒருவர் நடுங்கிப்போவார், இன்னொருவர் சாதாரணமாக இருப்பார். 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம், டிர்க் ஹெல்ஹாமர் முதலானோர் அடங்கிய குழு, பெரும்பாலானவர்களிடம் தப்பாமல் பலிக்கும் ஒரு வழியை வெளியிட்டது. அந்த வழி, ஒரு வேலை நேர்காணல்.

வந்தவரிடம், "நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்று தேர்வுக் குழு முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும்" என்று சொல்லி, தயாராவதற்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். பேச்சு நின்றுபோனால், "இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்" என்பார்கள். அது முடிந்ததும் 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். தப்பு விட்டால் மறுபடியும் 1022-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்குப் பிறகு எச்சிலைச் சோதித்தால், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் பழைய அளவைவிட 2 முதல் 4 மடங்கு வரை ஏறியிருந்தது. ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை என்ற பெயரில் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நேர்காணல் என்றாலே வயிறு கலங்குகிறவர்கள் பலர், அதைத் தங்களுடைய தனிப்பட்ட பலவீனம் என்று நினைத்துக் குமைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சோதனையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். மனித உடலின் அபாய மணியை அடிக்கச் செய்ய ஒரு வழி தேடியபோது, அறிவியலே போய் நின்ற இடம் நேர்காணல் அறை.

ஏன் நேர்காணல்? 2004-ல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரண்டு உளவியலாளர்கள் இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கார்டிசாலை மிக அதிகமாக ஏற்றியவை இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்த சோதனைகள்: நம்மைப் பிறர் எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, முடிவு நம் கையில் இல்லை என்ற நிலை. இரண்டும் நேர்காணலில் முழுசாக இருக்கின்றன.

உடலுக்குள் இந்த அபாய மணி இரண்டு தடவையாக அடிக்கிறது. முதல் மணிக்கு நரம்புகளே போதும். சில நொடிகளில், ஆபத்துக்கு உடலைத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் விவரித்த அதே தயார்நிலை. ஓடப்போகிற உடலுக்குச் செரிமானம் அப்போதைக்குத் தேவையில்லை. அதனால் எச்சில் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் தோலிலிருந்து பெரிய தசைகளுக்குத் திரும்புவதால் விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. தொண்டைத் தசைகள் இறுகுவதால் குரல் நடுங்குகிறது. எதிரே இருப்பது புலி இல்லை, ஒரு மேசையும் சில மனிதர்களும்தான் என்பதை அந்த நரம்புகள் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மணி மெதுவாக அடிக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, அப்புறம்தான் கார்டிசால் வரும். அது உச்சிக்குப் போக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், நம் பெயரைக் கூப்பிடும் நேரத்துக்குச் சரியாக அது உச்சத்தில் இருக்கலாம்.

சரி, இதற்கும் தெரிந்த பதில் மறந்துபோவதற்கும் என்ன சம்பந்தம்?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் நேர்காணலில் நமக்காக வேலை செய்கிற பகுதி. கேட்ட கேள்வியை மனதில் பிடித்துவைப்பது, எதைச் சொல்லலாம் எதை விடலாம் என்று தேர்ந்தெடுப்பது, வாக்கியங்களை வரிசைப்படுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல்லாண்டுகளாக இந்தப் பகுதியை ஆராய்ந்து காட்டியது இது: நோர்அட்ரினலின், டோபமைன் என்ற இரண்டு வேதிப்பொருட்களும் மிதமாக இருந்தால் இங்குள்ள நரம்பணுக்களின் இணைப்பு பலப்படுகிறது. அவை வெள்ளமாகப் பாய்ந்தால் அதே இணைப்புகள் தளர்ந்துபோகின்றன. அதனால் கொஞ்சம் படபடப்பு நல்லதே. அளவு மீறும்போதுதான் யோசிக்கும் மூளை பின்வாங்கி, பழக்கத்தில் ஓடும் மூளை முன்னே வருகிறது.

நினைவின் கதை இன்னும் சுவாரசியமானது. 1998-ல் டொமினிக் டி குவெர்வெய்ன், பென்னோ ரூசண்டால், ஜேம்ஸ் மெக்காவ் மூவரும் எலிகளுக்கு ஒரு நீர்த்தொட்டியில் ஒளிந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, எந்த அளவுக்கு ஞாபகம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அதிர்ச்சி கொடுத்த 2 நிமிடத்தில் சோதித்தபோது எலிகளுக்கு இடம் ஞாபகம் இருந்தது. 30 நிமிடம் கழித்துச் சோதித்தபோது தடுமாறின. 4 மணி நேரம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் ஞாபகம் இருந்தது. நினைவு அழியவே இல்லை. பதற்ற ஹார்மோன் உச்சத்தில் இருந்த நேரத்தில் அதை வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என்னுடைய ஒரு நேர்காணல் கண்முன் வந்தது. இரண்டு வருடம் நானே செய்த வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரு முழு வாக்கியம் வரவில்லை. தொண்டை வரை வந்து வந்து நின்றது. அன்றைக்கு வெளியே வந்து வெகுநேரம் கழித்து, தனியாக உட்கார்ந்திருந்தபோது, எல்லாம் வரிசை பிசகாமல் மனதில் ஓடியது. அன்று இரவு என்னை நானே திட்டிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. தயாரிப்பில் நான் குறை வைக்கவில்லை. தயாரித்த விதம்தான் அந்த ஹார்மோன் வெள்ளத்தில் நிற்கக்கூடியதாக இல்லை.

நின்று பிடிக்கும் தயாரிப்பு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்மித், அயன்னா தாமஸ் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, என் கணக்கில் நேர்காணலுக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 120 பேருக்குச் சில சொற்களையும் படங்களையும் காட்டினார்கள். பாதிப் பேர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மீதிப் பேர் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகினார்கள். மறுநாள் இரண்டு பிரிவிலும் சிலரை மேடைப் பேச்சு, கணக்கு என்று பதற்றத்துக்கு உள்ளாக்கி, கார்டிசால் ஏறியபின் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. எடுத்துச் சொல்லிப் பழகியவர்களுக்குச் சரிவே இல்லை. பதற்றத்தில் இருந்த அவர்கள், நிம்மதியாக உட்கார்ந்து தேர்வு எழுதிய 'திரும்பப் படித்தவர்களை' விடவும் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

நாம் பெரும்பாலும் செய்வது முதல் வகை. ரெஸ்யூமேவைப் பத்துத் தடவை படிப்போம், இணையத்தில் கிடைக்கும் கேள்வி-பதிலைப் புரட்டுவோம், நிறுவனத்தின் பக்கத்தைப் பார்ப்போம். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த 'தெரிந்த மாதிரி' என்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது வேறு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வார்த்தையாக எடுப்பது வேறு. நேர்காணலில் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நினைவுக்குப் போகும் பாதை ஒன்று கூடுகிறது என்பது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். பதற்றத்தில் ஒரு பாதை அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். வரக்கூடிய கேள்விகளைச் சின்னச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துவிடுவேன். ஒன்றை எடுத்து, எந்தத் தாளையும் பார்க்காமல், நின்றுகொண்டு வாய்விட்டுப் பதில் சொல்வேன். மனதுக்குள் சொல்வது போதாது. மனதில் முழுசாக இருப்பதாகத் தோன்றும் வாக்கியம் நாக்குக்கு வரும்போது பாதியில் அறுந்துபோவதை முதல் தடவையிலேயே கண்டுகொள்வீர்கள். போனில் பதிவு செய்து கேட்பதும் உதவும், முதலில் கூச்சமாக இருந்தாலும். ஒரு மணி நேரம் விடாமல் செய்வதைவிட, இரண்டு மூன்று நாளில் பரப்பிச் செய்தால் நன்றாகத் தங்குகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிலை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடப் பத்தி ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். அதற்குப் பதிலாக உங்கள் வேலையில் நடந்த ஐந்தாறு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். கஷ்டமான வாடிக்கையாளர், கூட்டு வேலை, தோல்வி, பொறுப்பு என்று எந்தப் பெயரில் கேள்வி வந்தாலும் இந்த ஐந்தாறில் ஒன்று கைகொடுக்கும்.

அப்புறம் மாதிரி நேர்காணல். நண்பரையோ வீட்டில் இருப்பவரையோ எதிரே உட்கார வைத்து, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பழகுங்கள். ட்ரியர் குழுவினர் ஒரே ஆட்களை மீண்டும் மீண்டும் அந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் முறையில் கார்டிசால் நன்றாகக் குறைந்தது. இதயத் துடிப்பு போன்ற முதல் மணியின் அறிகுறிகளோ அவ்வளவாகக் குறையவில்லை. எத்தனை முறை பழகினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அதை வைத்து 'பழகியும் பயனில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். நினைவைத் தடுக்கும் இரண்டாவது மணி, அதாவது கார்டிசால், அதற்குள் அடங்கியிருக்கும். சிலருக்குக் கார்டிசாலும் சீக்கிரம் இறங்குவதில்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு இன்னும் நாலு தடவை கூடுதலாகத் தேவைப்படலாம்.

அடித்துக்கொள்ளும் நெஞ்சை என்ன செய்வது? 2014-ல் ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிடத் திறமையாகப் பேசினார்கள். காரணம் எளிது. உற்சாகத்திலும் பயத்திலும் உடல் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் உடலை நிறுத்துவது கடினம், ஓட்டத்துக்கு வேறு பெயர் வைப்பது சுலபம். இதை மந்திரம் மாதிரி நம்ப வேண்டாம். சின்ன உதவி, அவ்வளவுதான்.

மூச்சு இதைவிட நேரடியானது. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது. விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குப் பிரேக் போடுகிறது. அதனால் இழுப்பதைவிட நீளமாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும். காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் இதைச் செய்யலாம். இடுப்பில் கை வைத்து வீரமாக நின்றால் ஹார்மோன்கள் மாறும் என்று 2010-ல் ஒரு ஆய்வு பிரபலமானது. பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் வரவில்லை, அந்த ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரே 2016-ல் அதைக் கைவிட்டார். அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

உள்ளே போனதும் மனதைத் தின்னும் எண்ணம் ஒன்று உண்டு: 'நான் நடுங்குவது அவர்களுக்குத் தெரிகிறது.' கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-ல் இதைச் சோதித்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு பிரிவினரிடம் பேசுவதற்கு முன்பே இந்த உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். ஒரு தகவல் தெரிந்திருந்ததே உதவியிருக்கிறது. இந்தப் பத்தியைப் படித்த உங்களுக்கும் இப்போது அது கையில் இருக்கிறது.

மௌனமும் அப்படித்தான். 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஒரு ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் பேசத் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, மூன்று நொடி மௌனம் ஒரு யுகமாகத் தோன்றும். "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அந்த மௌனம் யோசிப்பதாக மாறிவிடுகிறது. இந்த வாக்கியத்தையும் சீட்டுகளோடு சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள், தேவைப்படும் நேரத்தில் தானாக வரும்.

கடைசியாக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2013-ல் ட்ரியர் சோதனையின் நட்பான வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். இங்கும் ஒரு குழு முன்னால் நின்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் குழுவினர் புன்னகைத்தார்கள், தலையசைத்தார்கள், சகஜமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். கணக்கும் கிடையாது. கார்டிசால் ஏறவில்லை. இறுக்கமான முகத்தோடு கேட்டால்தான் ஆளின் தரம் தெரியும் என்று நினைப்பவர்கள், எதிரே இருப்பவரின் நினைவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று குறிப்பெழுதுகிறார்கள். முதல் கேள்வியைச் சுலபமானதாக வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள், வாய் வறண்டிருக்கும். அவர் நிறுத்தினால், அடுத்த கேள்விக்குப் போவதற்கு முன் பத்து நொடி பொறுங்கள்.