சோலார்பங்க்: பெட்ரோல் பங்க் அல்ல, கதிர்க்கலகம்

மேசைமேல் கிடந்த நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன வகை மச்சான் இது?” என்றார் மைத்துனர். “சோலார்பங்க்” என்றேன். “சோலார்ல ஓடுற பெட்ரோல் பங்க்கா?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன், ஆனால் அவர்மேல் தப்பில்லை. நம் பகரம் ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை பார்க்கிறது. வண்டிக்கு எண்ணெய் போடும் பங்க்கும் இந்தப் பங்க்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தில் தொடங்குபவை (bunk, punk). தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள். சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் நம்மூரில் அது பெட்ரோல் நாற்றத்தோடுதான் வரும். ஒரு தமிழ்ச் சொல் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் பொருள். பூமி வெந்து, நகரங்கள் இடிந்து, மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துத் தின்னும் எதிர்காலக் கதைகள் நிறையப் படித்தாயிற்று. அதற்கு மறுபக்கமாக, வெயிலையும் காற்றையும் கொண்டு ஊர் நடத்துகிற, பழுதானதைச் சரிசெய்து புழங்குகிற, அண்டை வீட்டாரோடு கிணற்றைப் பகிர்கிற எதிர்காலத்தை எழுதும் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் (ஃபேண்டஸி) சோலார்பங்க் என்று பெயர். கதையோடு நிற்காமல் ஓவியம், கட்டடக்கலை, பொருள் வடிவமைப்பு என்றும் பரவியிருக்கிறது.

‘சோலார்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. லத்தீனில் ‘சோல்’ என்றால் சூரியன். சிக்கல் எல்லாம் பின்பாதியில்.

‘பங்க்’ கௌரவமான சொல்லாகப் பிறக்கவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அது விலைமகளைக் குறித்த வசைச்சொல். அமெரிக்காவில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு உளுத்துப்போன மரத்துண்டு என்று பொருள். தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்வது, அடுப்பு மூட்ட உதவுவது. இரண்டும் ஒரே வேரா என்பதில் அகராதிக்காரர்களுக்கே உடன்பாடில்லை. பிறகு உதவாக்கரை, தெருப்பொறுக்கி என்று பொருள் இறங்கிக்கொண்டே போனது. 1970களில் மூன்று சுரக்கூட்டுகளை (chords) மட்டும் வைத்துக்கொண்டு கத்திப் பாடிய ‘பங்க் ராக்’ இளைஞர்கள் அந்த வசையையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

இலக்கியத்துக்குள் அது வந்தது 1983இல், புரூஸ் பெத்கே தன் சிறுகதைக்கு ‘சைபர்பங்க்’ என்று தலைப்பு வைத்தபோது. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், நீராவி யுகக் கதைகளுக்குப் பாதி வேடிக்கையாக ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர் சூட்டினார். அதன்பின் எதன் வாலிலும் பங்க்கை ஒட்டலாம் என்றாகிவிட்டது.

சோலார்பங்க் பிறந்தது ஒரு கப்பலைப் பார்த்து. 2008 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்கு ஒரு சரக்குக் கப்பல் கிளம்பியது. எஞ்சினோடு, முன்பக்கம் 160 சதுர மீட்டர் பட்டம் ஒன்றும் கட்டியிருந்தது. பட்டம் உயரத்துக் காற்றைப் பிடித்து இழுக்க, கப்பலுக்கு எண்ணெய்ச் செலவு குறையும். பழைய பாய்மர நுட்பமும் புதிய கணினியும் ஒரே கயிற்றில். இந்தக் கப்பலை வைத்து அதே ஆண்டு இணையத்தில் வந்த ஒரு குறிப்புதான், ஸ்டீம்பங்க்கிலிருந்து சோலார்பங்க்குக்குப் போகலாமே என்று கேட்டது. 2012இல் பிரேசிலில் ஜெர்சன் லோடி-ரிபெய்ரோ தொகுத்த போர்த்துகீசியக் கதைத் தொகுப்பு அந்தப் பெயரையே அட்டையில் தாங்கி வந்தது. ஆங்கிலத்துக்கு அது போய்ச் சேரவே 2018 ஆனது. இந்த வகையின் முதல் தொகுப்பு ஆங்கிலத்தில் வரவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

2014இல் ஆடம் ஃப்ளின் எழுதிய அறிக்கைக் குறிப்புகள் சொல்லுக்கு முதுகெலும்பு தந்தன. மின்கம்பி, தண்ணீர்க்குழாய் போன்ற அடிப்படை வசதிகளை மக்கள் தம் கைக்குள் வைத்துக்கொள்வதே எதிர்ப்பு என்கிறார் அவர். மொட்டைமாடியில் சோலார் பலகை வைத்தவரைப் பார்த்து மின் நிறுவனங்கள் முழிப்பதை அதற்கு உதாரணம் காட்டுகிறார்.

ஆனால் இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் வருவது வேறு. ஐம்பது மாடிக் கட்டடம், பால்கனிதோறும் தொங்கும் செடி, மேலே வெள்ளைக் காற்றாலை. அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், அவருக்குச் சம்பளம் என்ன என்று படம் சொல்லாது. 2021இல் ஒரு தயிர் நிறுவனம் இந்த அழகியலில் அசைவூட்ட விளம்பரம் ஒன்று எடுத்தது. பார்க்க அவ்வளவு குளிர்ச்சி. ரசிகர்கள் சிலர் அதிலிருந்த நிறுவனச் சின்னங்களை ஒவ்வொரு சட்டகமாகத் துடைத்துவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். விளம்பரம் வெறும் சோலார். அந்தத் துடைப்பில்தான் பங்க் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் அந்தச் சொல் பிறப்பதற்கு முந்தையது. விக்டர் பாப்பனெக் வடிவமைப்பு பற்றி 1971இல் எழுதிய நூலில் ஒரு தகர டப்பா ரேடியோ வரும். பழச்சாறு டப்பாவுக்குள் மெழுகும் திரியும். திரி எரிகிற சூட்டில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அதில் ரேடியோ ஓடும். மெழுகு தீர்ந்தால் காய்ந்த சாணியைக்கூட எரிக்கலாம். அதற்கு அவர் வண்ணம் பூசவில்லை. ஜெர்மனியில் உல்ம் நகர வடிவமைப்புப் பேராசிரியர்கள் அசிங்கமாக இருக்கிறதென்று முகம் சுளித்தார்கள். இந்தோனேசியாவில் அதைப் பயன்படுத்தியவர்களோ சோழியும் துணித்துண்டும் ஒட்டித் தங்கள் ரேடியோவாக ஆக்கிக்கொண்டார்கள். செடி தொங்கும் ஐம்பது மாடியைவிட இந்த டப்பாதான் சோலார்பங்க் என்பது என் கட்சி.

2022இல் ஹ்யூகோ விருது வாங்கிய பெக்கி சேம்பர்ஸின் குறுநாவலையும் இந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஒரு துறவி சைக்கிள் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்து, வருகிறவர்களின் மனக்குறையைக் கேட்கிறார். நம்மூர் டீக்கடை பெஞ்சு சம்பளமில்லாமல் செய்கிற வேலை! கதையில் ரோபோக்கள் பல தலைமுறைக்கு முன்பே தொழிற்சாலையை விட்டுக் காட்டுக்குப் போய்விட்டவை. கதை முழுக்க அமைதி, ஆனால் அந்த அமைதிக்கு அடியில் ஒரு வேலைநிறுத்தம் கிடக்கிறது.

இனித் தமிழ். ‘பசுமைப் புனைவு’, ‘நம்பிக்கைப் புனைவு’ என்றெல்லாம் வைக்கலாம். இரண்டிலும் பங்க் காணாமல் போய், தயிர் விளம்பரம் மட்டும் மிஞ்சும். பங்க்குக்கு நம்மிடம் நல்ல சொல்லே இருக்கிறது: கலகம். நாரதர் கலகம் நன்மையில் முடியும், கலகம் பிறந்தால்தான் நியாயம் பிறக்கும் என்று பழமொழி சொல்லும் மொழியில் கலகத்தோடு நம்பிக்கையைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

முன்பாதிக்கு ‘சூரியக் கலகம்’ என்றால் தேர்தல் சின்னம் நினைவுக்கு வந்து உட்கட்சிப் பூசல் என்று படிப்பார்கள். ‘ஞாயிற்றுக் கலகம்’ என்றால் விடுமுறை நாள் சண்டை. ‘வெயிற்கலகம்’ எனக்குப் பிடித்தது, ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. கடைசியில் ‘கதிர்’ என்ற சொல்லில் வந்து நின்றேன். கதிர் என்றால் ஒளிக்கீற்று, சூரியன். நெற்கதிரும் கதிர்தான். அகராதியைப் புரட்டினால் நூல் நூற்கும் ராட்டையின் ஊசிக்கும் கதிர் என்றே பெயர். எரிசக்தி, சோறு, கைவேலை மூன்றும் ஓரசையில்.

ராட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர்; சிறையில் இருந்தபடி வளம் குன்றாத பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கர், 1973 நூலில் உள்ள பௌத்தப் பொருளியல் கட்டுரையில் அவரை மேற்கோள் காட்டுகிறார். இந்தப் புத்தகங்களில் அடிக்கடி வரும் ‘சஸ்டெய்னபிள்’ (sustainable) என்ற சொல்லுக்கும் தமிழில் இதே தேடல்தான்: இலங்கையில் ‘நிலைபேறான’, இங்கே ‘நீடித்த’, ‘நிலையான’, ‘வளங்குன்றா’. நிலையானது என்றால் அசையாதது என்றும் ஆகும். நான் வளங்குன்றா வடிவமைப்பு என்றே எழுதுகிறேன்.

‘கதிர்’ மேலும் குறை சொல்லலாம். கதிர்வீச்சு என்றால் அணு உலை ஞாபகம் வரும். கதிரும் அரிவாளுமாக ஒரு தேர்தல் சின்னமும் உண்டு. சின்னம் ஒட்டாத நல்ல சொல் தமிழ்நாட்டில் எங்கே மிச்சம்?

ஆக, கதிர்க்கலகம். க் மிகும். கதிர்க்கலகக் கதை, கதிர்க்கலக ஓவியம், கதிர்க்கலகர் என்று நீட்டிக்கொள்ளலாம். மைத்துனரிடம் போனில் சொன்னேன்.

“கதிர்க்கலகமா? ஏதோ விவசாயிங்க போராட்டம் மாதிரி இருக்கே மச்சான்” என்றார்.