திட்டி எழுதியதில் பரவிய தலைமேட்டு விஞ்ஞானம்

மண்டையோட்டின் மேடுகளைத் தடவிக் குணத்தைச் சொல்லும் ஃபிரெனாலஜியை 1815 ஜூனில் 'எடின்பரோ ரெவ்யூ' என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது. பெயர் போடாமல் எழுதியவர் உடற்கூறியலாளர் ஜான் கார்டன். இதைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் ஃபிரான்ஸ் ஜோசஃப் கால் (Gall) என்பவரும் அவர் சீடர் ஸ்புர்ட்ஸ்ஹைமும் மூளை நார்களைப் பற்றிச் சொன்னது புரட்டு என்றார். அடி விழுந்த இடம் தவறு. உடற்கூறியலில்தான் அவ்விருவரும் கெட்டிக்காரர்கள்.

1816இல் ஸ்புர்ட்ஸ்ஹைம் எடின்பரோவுக்கே வந்து, மூளையை அறுத்து, அந்த நார்களைக் கண்முன் காட்டினார். விமர்சனத்தைப் படித்துச் சிரித்திருந்த வழக்கறிஞர் ஜார்ஜ் கூம், அதைப் பார்த்தபின் மனம் மாறினார். 1820இல் அங்கே ஃபிரெனாலஜி சங்கம் பிறந்தது. 1823இல் அதற்கென்று ஒரு பத்திரிகை. கூம் 1828இல் எழுதிய நூல் பின்னாளில் லட்சத்துக்கு மேல் விற்றது.

நார்கள் உண்மை என்பதால் மேடுகளும் உண்மையாகிவிடாது. கால் சொன்னவை மூன்று: மூளையில் 27 குணங்களுக்கு 27 உறுப்புகள், உறுப்பு பெரிதானால் குணம் வலிது, அந்த அளவுக்கு ஏற்ப மண்டையோடு புடைக்கும். மேசைமேல் அறுத்துக் காட்டியதில் இந்த மூன்றில் ஒன்றுகூட நிரூபணமாகவில்லை. மூன்றாவது வெளிப்படையாகவே இடறுகிறது. நிறம், ஒழுங்கு முதலியவற்றின் உறுப்புகளைப் புருவ மேட்டில் வைத்தார்கள். அங்கே எலும்பின் வெளித்தட்டுக்கும் உள்தட்டுக்கும் நடுவே காற்றறை இருக்கிறது. அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வெளியே தடவினால் கைக்குத் தட்டுப்படுவது மூளையின் வடிவம் அல்ல. தத்துவவாதி வில்லியம் ஹாமில்டன் இதைத்தான் பிடித்து உலுக்கினார்.

ஆனாலும் தோற்காதபடி ஃபிரெனாலஜிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். காதுக்கு மேலே 'அழிக்கும் குணத்தின்' உறுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். இரு பக்கத்துக்கும் இடையிலான அகலத்தைக் காலிப்பர் என்ற அளவுக்கருவியால் அளப்பார்கள். 1829இல் தூக்கிலிடப்பட்ட கொலைகாரன் பர்க்கின் தலையில் அது சராசரியை மிஞ்சவில்லை என்று தாமஸ் ஸ்டோன் அளவுகளோடு காட்டினார். ஃபிரெனாலஜிக்காரர்கள் விடவில்லை, மறுப்பு எழுதினார்கள். ஓர் உறுப்பை இன்னோர் உறுப்பு தூண்டும் அல்லது அடக்கும் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தலைக்கும் விளக்கம் சொல்லிவிடலாமே. மறுப்பும் பதிலும் மாறி மாறி அச்சேறின. ஒவ்வொரு சுற்றிலும் புதிய வாசகர்களுக்கு அது அறிவியல் விவாதமாகவே தெரிந்தது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளியது: முன்கூட்டியே குறித்துவைத்த மேடுகளும், தனியே பதிவான குணங்களும், நூற்றுக்கணக்கான தலைகளில் எத்தனை முறை பொருந்துகின்றன? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018இல் அதைச் செய்தார்கள். சுமார் 6,000 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து தலையின் மேற்பரப்பு வளைவை அளந்து, அவர்களுடைய வாழ்க்கைமுறை, அறிவுத்திறன் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். ஃபிரெனாலஜி சொன்ன தொடர்பு எதுவும் தென்படவில்லை.